பிரஷர் பார்க்கும் அறை: லண்டன் கிளினிக் ஒன்றிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

எதற்காக இது

லண்டன் புறநகரில், என்ஹெச்எஸ் என்ற அரசு மருத்துவச் சேவையின் செலவில் நடக்கும் பெண்கள் இனப்பெருக்க நலக் கிளினிக் ஒன்றில் பகுதிநேர ஹெல்த்கேர் அசிஸ்டன்டாக வேலை செய்கிறேன். கருத்தடை, கருக்கலைப்பு, பால்வினைத் தொற்றுப் பரிசோதனை இவைதான் அங்கே நடப்பவை. இந்த வேலைக்கு வரலாமா என்று தெரிந்த பெண்கள் அடிக்கடி கேட்கிறார்கள். பிள்ளைகள் ஸ்கூலுக்குப் போகும் நேரத்தில் ஒத்துவருமா, ஆங்கிலம் எவ்வளவு வேண்டும், ரத்தத்தைப் பார்த்துப் பழகிவிடுமா என்றுதான் கேள்விகள் வரும். பதில்கள் ஒன்றும் பெரிய விஷயமில்லை. ஆனால் உள்ளே வந்தபின் உண்மையில் எதில் மாட்டிக்கொண்டு நிற்போம் என்பதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. அதனால் ஒரு நிகழ்வை ஆரம்பத்திலிருந்து கடைசிவரை எழுதிவைக்கிறேன்.

வயது, குடும்பம், மாதம் போன்ற அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன். கிளினிக்கின் பெயரையும் சொல்லவில்லை. நடந்த வரிசையையும் எடுத்த முடிவுகளையும் மாற்றவில்லை.

பின்னணி: வேலை எப்படி இருக்கும்

நாங்கள் நர்ஸ் இல்லை. கேர் சர்ட்டிஃபிகேட் என்ற அடிப்படைப் பயிற்சியை முடித்தவர்கள். உயரம், எடை, பிரஷர் பார்ப்போம். விரல் நுனியில் குத்தி ஹீமோகுளோபினும் ரத்த வகையும் பார்ப்போம். சிறுநீரில் கர்ப்பப் பரிசோதனை செய்வோம், தொற்றுப் பரிசோதனைக்கான ஸ்வாப் குச்சியைக் கொடுத்து மாதிரியை எப்படி எடுப்பது என்று காட்டுவோம். டாக்டர் உள்பரிசோதனை செய்யும்போது துணைக்கு நிற்போம், சிகிச்சை முடிந்தபின் ஓய்வறையில் பக்கத்தில் இருப்போம். மற்ற நேரமெல்லாம் டிராலி துடைப்பதும் காலாவதித் தேதி பார்ப்பதும் அலமாரி நிரப்புவதும்தான்.

செய்யக்கூடாதது: சிகிச்சையை விளக்கிச் சம்மதம் வாங்குவது, மருந்து கொடுப்பது, கருத்துச் சொல்வது. இங்கிலாந்தில் 1967ஆம் ஆண்டுச் சட்டப்படி இரண்டு டாக்டர்கள் படிவத்தில் கையெழுத்துப் போட்டால்தான் கருக்கலைப்பு செய்ய முடியும். 10 வாரத்துக்குள் இருந்தால் கருக்கலைப்புக்கான இரண்டு மாத்திரைகளையும் வீட்டிலேயே எடுத்துக்கொள்ளலாம் என்று கொரோனா தொடங்கிய 2020 மார்ச்சில் தற்காலிகமாக அனுமதித்து, 2022 ஆகஸ்ட் இறுதியில் நிரந்தரமாக்கினார்கள். அதனால் இப்போது நிறையப் பேர் கிளினிக்கை எட்டிப் பார்ப்பதே இல்லை. ஃபோனில் நர்ஸிடம் பேசுவார்கள், தபாலில் மாத்திரை போய்ச் சேரும், அவ்வளவுதான். நேரில் வரச் சொல்வது நாள் கணக்குத் தெரியாதவர்களை, வலியோ பழைய சிசேரியன் தழும்போ உள்ளவர்களை, அப்புறம் ஃபோனில் ஏதோ சரியில்லை என்று நர்ஸுக்குத் தோன்றியவர்களை.

நேரில் வந்தவர்களோடு முதலில் தனியாக உட்காருவது நாங்கள்தான். டாக்டரிடமும் நர்ஸிடமும் கேள்விப் பட்டியல் இருக்கும், அதை முடித்தாக வேண்டும். எங்களிடம் இருப்பது பிரஷர் பட்டை, அது இறுகித் தளரும்வரை காத்திருக்கிற நேரம், கதவு சாத்திய ஒரு சின்ன அறை.

வருவதற்கு முன் பதிவில் இருந்தது

முதல் அழைப்பை எடுத்தவர் கணவர். மனைவிக்கு ஆங்கிலம் வராது, எல்லாவற்றையும் என்னிடமே சொல்லுங்கள் என்றிருக்கிறார். பதிவில் மொழி என்ற இடத்தில் தமிழ் என்றும், மொழிபெயர்ப்பாளர் என்ற இடத்தில் கணவர் என்றும் இருந்தது. உறவினரை மொழிபெயர்க்க வைக்கக்கூடாது என்பது என்ஹெச்எஸ்ஸின் பொதுவான வழிகாட்டல். ஆனால் எங்கள் கணினியில் அந்தக் கட்டத்தைத் தட்டினால் கீழே வரும் தெரிவுகளில் கணவரும் ஒன்று. கிடைத்ததைத் தட்டியிருக்கிறார்கள்.

"தனியாகப் பேசுகிறாரா" என்ற கேள்விக்கு "ஆம்" என்று குறித்திருந்தது. கேள்வியையே கணவர் வழியாகத்தான் கேட்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

இரண்டாவது முறை கூப்பிட்ட நர்ஸ் கொஞ்சம் அனுபவசாலி. ஒவ்வொரு கேள்விக்குப் பிறகும் ஓர் இடைவெளி வருவதையும், பின்னால் மெதுவாக ஓர் ஆண்குரல் கேட்பதையும் கவனித்துக் குறிப்பில் எழுதிவிட்டு, ஒன்றும் காட்டிக்கொள்ளாமல், சிசேரியன் ஆகியிருக்கிறது, பால் கொடுப்பதால் மாதவிடாய் தேதியும் சரியாகத் தெரியவில்லை, அதனால் ஸ்கேனுக்கு நேரில் வந்தாக வேண்டும் என்று சொல்லி முடித்திருக்கிறார். பொய்யான காரணம் ஒன்றுமில்லை. தழும்பிலேயே கரு ஒட்டியிருந்தால் அது தனி ஆபத்து, ஸ்கேன் அவசியம்தான். மருத்துவக் காரணமும் பாதுகாப்புக் காரணமும் ஒரே பக்கம் நின்றது நல்லதாகப் போயிற்று.

முதல் வருகை: கவனித்தவை

இருவரும் கைக்குழந்தையோடு வந்தார்கள். இருபதுகளின் கடைசியில் இருந்த பெண், யாழ்ப்பாணப் பக்கத்திலிருந்து திருமண விசாவில் வந்து இரண்டு வருடம்போல் ஆகியிருந்தது. காகிதக் கோப்பு கணவர் கையில். வரவேற்பில் கேட்ட எல்லாக் கேள்விக்கும் அவரே பதில் சொன்னார், மனைவியின் பிறந்த தேதி உட்பட. யாராக இருந்தாலும் முதல் பகுதியில் தனியாகத்தான் பார்ப்போம் என்று சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறோம். வரவேற்பில் இருந்தவர் அதைக் காட்டினார். "அவவுக்கு விளங்காது" என்றார் கணவர். ஃபோனில் மொழிபெயர்ப்பாளர் இருக்கிறார் என்றதும் சும்மா இருந்துவிட்டார். எல்லோருக்கும் ஒரே விதி என்பதால்தான் அங்கே தகராறு வரவில்லை. அவரை மட்டும் நிறுத்தியிருந்தால் எழுந்து போயிருப்பார்கள்.

நான் போய்ப் பெயரைக் கூப்பிட்டேன். எழுத்தில் உள்ளபடி தமிழ்ப் பெயரைச் சரியாக உச்சரித்ததும் அந்தப் பெண் சட்டென்று நிமிர்ந்து பார்த்தார். தமிழ் முகத்தைப் பார்த்த நிம்மதி என்று நினைத்துவிடாதீர்கள், அது பயம்.

அறையில் நான் கவனித்துக் குறித்தவை: பிரஷர் 112/70, நாடித்துடிப்பு 108, ஹீமோகுளோபின் லிட்டருக்கு 94 கிராம். கர்ப்பத்தின் முதல் மாதங்களில் 110க்குக் கீழே போனாலே ரத்தசோகை என்று கணக்கு. கீழ் இமை வெளுத்திருந்தது. கைகளில் காயமோ கன்றலோ இல்லை. கோட் பையில் குழந்தைக்கான ரஸ்க் இரண்டு இருந்தன, ஃபோன் இல்லை, பர்ஸ் இல்லை. பட்டையைக் கட்டும்போது கதவைத் திரும்பிப் பார்த்தார். கழற்றும்போதும் பார்த்தார்.

அப்புறம்தான் கேட்டார்: "அக்கா, நீங்கள் எவடம்?"

கும்பகோணம் பக்கம் என்றேன்.

"இந்தியாவோ? அப்ப இங்கத்தைச் சனம் ஒருத்தரையும் உங்களுக்குத் தெரியாதோ?"

தெரியாது என்றேன். தோள் கொஞ்சம் இறங்கியது. லண்டனில் ஈழத்தமிழர்கள் சேர்ந்து வாழும் பகுதிகளில் கோயில், கடை, சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடம் என்று எங்கே போனாலும் யாராவது ஒருவர் உங்கள் ஊருக்குப் பக்கத்து ஊர்க்காரராக இருப்பார். மற்ற நாளில் அது பெரிய பலம். இப்படி ஒரு கிளினிக்கில் உட்கார்ந்திருக்கும்போது அதுதான் கிலி.

"இவர் கேட்டா, நான் ஓம் எண்டு சொன்னதாச் சொல்லுங்கோ" என்றார்.

இந்த இடத்தில் எங்களுக்குக் கற்றுக்கொடுத்திருப்பது ஒன்றுதான்: தோண்டாதே, வாக்குக் கொடுக்காதே, கேள். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று நாங்கள் சொல்லக்கூடாது. அதனால் நான் சொன்னது: "இங்கே பேசுவது உங்கள் வீட்டுக்குப் போகாது. ஆனால் உங்களுக்கோ குழந்தைக்கோ ஆபத்து என்று தெரிந்தால் எங்கள் குழுவில் சொல்ல வேண்டி வரும், அதையும் உங்களிடம் சொல்லிவிட்டுத்தான் செய்வோம்."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு ஒரே மூச்சில் வந்தது. "எனக்கு இன்னும் ஒரு முடிவும் இல்லை அக்கா. யோசிக்கவே விடேல்லை. பாஸ்போர்ட், ஃபோன் எல்லாம் அவரிட்டைதான். குளிசை போட்டா உடம்பு பழுதாப்போம் எண்டு விடாததும் அவர், இப்ப இது வேண்டாம் எண்டுறதும் அவர். மாமியும் வீட்டிலைதான்." குளிசை என்று அவர் சொன்னது கருத்தடை மாத்திரையை.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதல் முடிவு என்னுடையது. அதற்கு மேல் நான் அந்தப் பெண்ணுக்கு மொழிபெயர்க்கவில்லை. எல்லோருக்கும் நான் பேசினால்தான் வசதியாக இருந்திருக்கும். டாக்டரின் பட்டியல் ஏற்கெனவே தாமதம், அந்தப் பெண்ணுக்கும் என்மேல் நம்பிக்கை வந்துவிட்டது. ஆனால் கதையைக் கேட்டவளே சம்மதத்தையும் மொழிபெயர்த்தால், அந்தச் சம்மதத்தில் என் நினைப்பு எவ்வளவு கலந்தது என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. யாழ்ப்பாணப் பேச்சு எனக்கு முக்கால்வாசிதான் பிடிபடும், மீதியை ஊகித்துக்கொள்வேன். ஒருவர் தன் உடம்பைப் பற்றி எடுக்கும் முடிவில் ஊகத்துக்கு இடமில்லை. கடைசியாக, நான் பகுதிநேரம். அடுத்த முறை அவர் வரும் நாளில் நான் இருப்பேன் என்பது நிச்சயமில்லை. "அந்தத் தமிழ் அக்கா இருந்தால்தான் பேசுவேன்" என்று ஆகிவிட்டால், நான் இல்லாத நாளில் அவர் மறுபடி கணவரின் வாய் வழியாகத்தான் பேச வேண்டி வரும்.

இரண்டாவது, எழுதுவது. நர்ஸிடம் உடனே சொல்லிவிட்டு, அந்தப் பெண் சொன்ன வாக்கியங்களை மேற்கோள் குறிக்குள், நேரம் போட்டு எழுதினேன். "கட்டாயப்படுத்தப்படுகிறார்" என்று நான் எழுதவில்லை. அது முடிவு, சாட்சி இல்லை. பாஸ்போர்ட் கணவரிடம் இருக்கிறது என்று அவர் சொன்னார், அதை அப்படியே எழுதினால் படிக்கிறவர்களுக்குப் போதும்.

மூன்றாவதுதான் அதிக நேரம் எடுத்தது. ஃபோன் மொழிபெயர்ப்பாளர் வேண்டாம் என்று அந்தப் பெண் ஒரேயடியாக மறுத்துவிட்டார். குரலை வைத்தே கண்டுபிடித்துவிடுவார்கள் என்றார். நர்ஸ் பொறுமையாக விளக்கினார்: மொழிபெயர்ப்பாளருக்குப் பெயர் சொல்லமாட்டோம், ஊர் சொல்லமாட்டோம், எங்கள் கிளினிக்கின் எண் மட்டும்தான் அவருக்குத் தெரியும், பெண்ணாகவே கேட்போம். நிறுவனத்திடம் பெண் வேண்டும் என்று கேட்க முடிந்தது, எந்த ஊர்த் தமிழ் என்று கேட்க வழியில்லை. முதலில் வந்தவர் வணக்கம் சொல்லி ஒரு வாக்கியம்தான் பேசினார், அந்தப் பெண் இரண்டு கையையும் ஆட்டி வேண்டாம் என்றுவிட்டார். நர்ஸ் மன்னிப்புக் கேட்டு வைத்துவிட்டு மறுபடி கூப்பிட்டார். இரண்டாவது குரல் மதுரைப் பக்கக் குரலாக எனக்குத் தோன்றியது. அந்தப் பெண் சரி என்று தலையாட்டினார்.

இதற்குள் வெளியே கணவர் எழுந்து நடக்க ஆரம்பித்திருந்தார். தண்ணீர் எடுக்கப் போன என்னை நடைபாதையில் நிறுத்தினார். "அக்கா, நீங்கள் தமிழ்தானே? உள்ளுக்கு என்ன நடக்குது? ஏன் இவ்வளவு நேரம்?" குரலில் அதட்டல் ஒன்றும் இல்லை. உரிமையோடு கேட்டார், நம் ஆள்தானே சொல்லிவிடுவாள் என்ற உரிமை. இந்த வேலையில் இருக்கும் தமிழ்ப் பெண்களுக்கு மொழி எவ்வளவு உதவுகிறதோ அவ்வளவு இந்த உரிமை தொல்லை கொடுக்கும் என்பதைப் பயிற்சியில் யாரும் சொல்லித்தருவதில்லை. "பரிசோதனை இன்னும் முடியலீங்க. விவரத்தை அவங்கதான் சொல்லணும், நான் சொல்லக்கூடாது. குழந்தைக்குத் தண்ணி வேணுமா?" என்றேன். குழந்தைக்குப் பால்புட்டி இருக்கிறது என்றார். அதற்கு மேல் கேட்கவில்லை.

ஸ்கேனில் கரு கருப்பைக்குள், தழும்பிலிருந்து தள்ளி, 7 வாரம் சொச்சம் என்று வந்தது. திரையைப் பார்க்க வேண்டுமா என்று கேட்டார்கள், வேண்டாம் என்றார். அன்றைக்கு எதுவும் செய்வதில்லை என்று டாக்டர் முடிவெடுத்தார். காரணம் நேரடியானது: அந்தப் பெண் யோசிக்க நேரம் கேட்கிறார், ஸ்கேன் நன்றாக இருப்பதால் ஒரு வாரம் தள்ளிப்போடுவதில் மருத்துவ ஆபத்து இல்லை, சட்டத்தின் கால வரம்புக்கும் எவ்வளவோ தூரம் இருக்கிறது. இன்னொருவருடைய அவசரத்தில் வாங்குகிற சம்மதம் சம்மதமே இல்லை.

பாதுகாப்புப் பொறுப்பில் இருக்கும் மூத்த நர்ஸ், குடும்ப வன்முறையில் ஆபத்து எவ்வளவு என்று கணக்கிடும் டாஷ் என்ற படிவத்தை வைத்துப் பேசினார். அதில் 24 கேள்விகள். 14 அல்லது அதற்கு மேல் ஆம் என்று வந்தால் உயர் ஆபத்து என்பது வழக்கமான கணக்கு. இங்கே அவ்வளவு வரவில்லை, அடி உதை இல்லை. ஆனால் எண்ணிக்கை குறைவு என்பதற்காக மூடிவைக்கக் கூடாது என்றும் அதே படிவம் சொல்கிறது. கர்ப்பம், கைக்குழந்தை, ஃபோன் இல்லை, பணம் இல்லை, விசா பயம். இப்படித் தொடர்ந்து ஒருவரைக் கட்டுக்குள் வைத்திருப்பது 2015ஆம் ஆண்டின் சீரியஸ் கிரைம் சட்டம் 76ஆம் பிரிவின்படி தனிக் குற்றம். அடித்தால்தான் என்றில்லை.

குழந்தை விஷயத்தில் எங்களுக்குள் கருத்து ஒத்துவரவில்லை. 2021ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டப்படி, வீட்டில் நடப்பதால் பாதிக்கப்படும் குழந்தையும் பாதிக்கப்பட்டவராகவே கருதப்படும், அதனால் குழந்தைகள் நலத்துறைக்கு உடனே எழுதிவிட வேண்டும் என்றார் ஒருவர். அந்தப் பெண்ணுக்கோ, "பிள்ளையைப் பறிச்சுப்போடுவினம்" என்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய பயம். அப்படி எழுதினால் அடுத்த முறை வரமாட்டார் என்றார் மூத்த நர்ஸ். கடைசியில் நலத்துறையிடம் பெயர் சொல்லாமல் விவரத்தை மட்டும் சொல்லி ஆலோசனை கேட்டார். குழந்தையைப் பார்க்க வரும் ஹெல்த் விசிட்டர் முதலில் சந்திக்கட்டும், நிலைமை மாறினால் உடனே எழுதுங்கள் என்று பதில் வந்தது. ஹெல்த் விசிட்டரிடமும் குடும்ப வன்முறை ஆலோசகரிடமும் பேச அந்தப் பெண் சம்மதித்தார்.

அப்புறம் தொடர்புகொள்வது எப்படி? ஃபோன் கணவரிடம். கடிதம் அனுப்பினால் மாமியார் பிரிப்பார். குழந்தைகள் மையத்தில் வாராவாரம் குழந்தைகளுக்கு எடை பார்க்கும் நேரத்தில் மட்டும் அவர் தனியாகப் போக முடியும் என்று பேச்சோடு பேச்சாகத் தெரியவந்தது. அதையே பிடித்துக்கொண்டோம். அடுத்த வருகைக்கான சீட்டில் கிளினிக் பெயர் இல்லாமல் "ரத்தப் பரிசோதனை" என்று மட்டும் எழுதிக் கொடுத்தோம், இரும்புச்சத்து மாத்திரையும் கொடுத்தோம். வெளியே போனதும் அவரே கணவரிடம் சொன்னார்: "ரத்தம் காணாதாம். திரும்ப வரட்டாம்."

இடைப்பட்ட நாட்கள்

இது நான் பார்த்ததில்லை, பதிவில் படித்தது. எடை பார்க்கும் இடத்தில் ஹெல்த் விசிட்டர் ஒரு தனி அறை ஏற்பாடு செய்து, அங்கிருந்தே ஆலோசகரோடும் மொழிபெயர்ப்பாளரோடும் பேச வைத்திருக்கிறார். சொன்னபடி கேட்காவிட்டால் விசாவை ரத்து செய்து அனுப்பிவிடுவேன், பிள்ளை இங்கேதான் இருக்கும் என்று கணவர் சொல்லியிருக்கிறார். அந்தப் பெண் அதை அப்படியே நம்பியிருந்தார்.

கிளினிக்கில் இருக்கும் நாங்கள் விசா பற்றி வாய் திறக்கக் கூடாது. இங்கே குடிவரவு ஆலோசனை சொல்ல அதற்கென அங்கீகாரம் வேண்டும், இல்லாமல் சொன்னால் குற்றம். ஆலோசகர்தான் சரியான இடத்துக்கு அனுப்பினார். திருமண விசாவில் வந்தவர், குடும்ப வன்முறையால் உறவு முறிந்தால், தன் பெயரிலேயே நிரந்தர வதிவிடத்துக்கு விண்ணப்பிக்க முடியும். அதற்கிடையில் பொதுநிதி உதவி பெறும்படி மூன்று மாத அனுமதியும் உண்டு. இது நிறையப் பேருக்குத் தெரியாது. சவுத்ஹால் பிளாக் சிஸ்டர்ஸ் போன்ற பெண்கள் அமைப்புகள் பல வருடங்களாக இதற்காகவே போராடி வந்திருக்கின்றன. விட்டுப் போகப்போகிறேன் என்று அந்தப் பெண் சொல்லவில்லை. அப்படி ஒரு வழி இருக்கிறது என்று தெரிந்துகொண்டார், அவ்வளவுதான்.

இரண்டாம் வருகை

முடிவு பற்றிய பேச்சு நடந்த நாளில் நான் வேலையில் இல்லை. கானாவிலிருந்து வந்த சக ஊழியர் ஒருவர்தான் பிரஷர் பார்த்தார், என் குறிப்பைப் படித்துவிட்டு உள்ளே போயிருக்கிறார். அந்தப் பெண் "தமிழ் அக்கா எங்கே" என்று கேட்டாராம். ஆனால் மொழிபெயர்ப்பாளர் தயாராக இருந்ததால் பேச்சு நிற்கவில்லை.

கருக்கலைப்பு செய்துகொள்கிறேன் என்று முடிவெடுத்திருந்தார். கணவர் சொன்னதும் அதேதான். அதனால் நர்ஸ் வேறு வேறு விதமாகக் கேட்டிருக்கிறார். கணவர் இந்தக் குழந்தையை விரும்பியிருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்ற கேள்விக்கு வந்த பதில் பதிவில் இருக்கிறது: அப்போதும் இப்போது வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன், ஆனால் அதை நான் சொல்லியிருப்பேன். காரணங்களாக அவர் சொன்னவை: மூத்தது இன்னும் நடக்கவே ஆரம்பிக்கவில்லை, சிசேரியன் ஆகி ஒன்றரை வருடம்கூட இல்லை, ரத்தமில்லை, ஆங்கிலம் படிக்க வேண்டும், ஒரு பிள்ளையோடு என்றால் எதையும் சமாளிக்கலாம். அந்தக் கடைசி வரிக்கு விளக்கம் கேட்கவில்லை, கேட்கத் தேவையுமில்லை.

எங்களில் சிலருக்கு இது உறுத்தியது. கடைசியில் அந்த ஆள் நினைத்ததுதானே நடக்கிறது, இதற்கா இவ்வளவு பாடு என்று டீ குடிக்கும்போது ஒருவர் கேட்டார். நான் அப்படி நினைக்கவில்லை. கர்ப்பத்தைத் தொடர்வார் என்று நாங்கள் எதிர்பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால், அவர் தலையில் ஏறிய இன்னொரு மாமியாராக அல்லவா ஆகியிருப்போம்.

முறையைத் தேர்ந்தெடுத்ததிலும் வீட்டு நிலவரம் இருந்தது. மாத்திரை என்றால் ரத்தப்போக்கும் வலியும் வீட்டில்தான், குளியலறைக் கதவுக்கு வெளியே மாமியார், இடுப்பில் குழந்தை. ஏற்கெனவே ரத்தசோகை வேறு. அதனால் மரத்துப்போகும் ஊசி போட்டு உறிஞ்சி எடுக்கும் முறையைக் கேட்டார். கூடவே கருத்தடை. கணவருக்குத் தெரியாமல் இருக்க வேண்டும் என்றார். மாத்திரை ஒளித்துவைக்க இடமில்லை. கையில் தோலுக்கடியில் வைக்கும் கருத்தடைக் குச்சி தொட்டால் தெரியும். ஊசி என்றால் 13 வாரத்துக்கு ஒருமுறை வெளியே வர வேண்டும். காப்பர் டி ரத்தப்போக்கை அதிகமாக்கலாம். ஹார்மோன் காயில் (காப்பர் டி மாதிரியே கருப்பைக்குள் வைப்பது) அதைக் குறைக்கும், அதே சிகிச்சையின்போதே வைத்துவிடலாம், கருத்தடைக்கு 8 வருடம் வரை போதும். அதிலிருந்து தொங்கும் நூலை உள்ளே தள்ளிவிட்டால் தட்டுப்படாது, ஆனால் எடுக்கும்போது கொஞ்சம் சிரமம் வரலாம் என்பதையும் டாக்டர் சொன்னார். சரி என்றார்.

சிகிச்சை நாளில் நான் இருந்தேன். என் இடம் தலைமாட்டில். மொழிபெயர்ப்பாளர் ஸ்பீக்கரில். விழித்திருக்கும்போதே செய்வது என்பதால் கையைப் பிடித்துக்கொண்டு மூச்சை எண்ணச் சொல்வோம், பேச்சுக் கொடுப்போம். ஊரில் முருங்கைக்காய்க்கு என்ன விலை என்று ஏதோ கேட்டேன், ஊசி போடும் நேரத்தில் பதில் பாதியில் நின்று என் விரல்கள் நொறுங்குகிற மாதிரிப் பிடித்தார், பிறகு மீதியைச் சொன்னார். சில நிமிடத்தில் முடிந்தது. ஓய்வறையில் பிரஷர் 106/68. பேட் பார்த்தேன், ரத்தம் அளவாகத்தான். சர்க்கரை தூக்கலாக டீயும் இரண்டு பிஸ்கட்டும் கொடுத்தேன். இன்னும் இருக்கா என்று கேட்டார். பாக்கெட்டையே வைத்துவிட்டேன்.

கிளம்பும் முன் ஒரு சிக்கல். வழக்கமாகக் குடும்ப டாக்டருக்குக் கடிதம் போகலாமா என்று கேட்போம், பெரும்பாலானோர் யோசிக்காமல் சரி என்பார்கள். இவரிடம் கேட்டபோது நர்ஸ் கூடவே ஒன்று சேர்த்துக் கேட்டார்: என்ஹெச்எஸ் ஆப் யார் ஃபோனில் இருக்கிறது? கணவர் ஃபோனில். கடிதம் டாக்டருக்குப் போய்ப் பதிவில் ஏறினால் அது அந்த ஆப்பிலும் தெரியும், அன்று மாலையே காயில் விஷயம் வீட்டுக்குத் தெரிந்திருக்கும். ரத்தசோகைக்கு மட்டும் கடிதம் போயிற்று. மற்றது எங்கள் பதிவில் மட்டும். காயில் விவரம் எழுதிய அட்டையையும் அவர் வாங்கவில்லை. எங்களை அழைத்தால் அடையாளம் சொல்ல ஒரு சொல்லை அவரே தேர்ந்தெடுத்து மனப்பாடம் செய்துகொண்டார்.

அதன் பின்

ஆறு வாரம் கழித்துக் காயில் பார்க்கத் தனியாக, பஸ்ஸில், குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். ஹீமோகுளோபின் 115. குழந்தைகள் மையத்திலேயே நடக்கும் ஆங்கில வகுப்பில் சேர்ந்திருந்தார். ஆலோசகரோடு பேச்சு தொடர்ந்தது. எனக்குத் தெரிந்தவரை அப்போதும் அதே வீட்டில்தான் இருந்தார். போலீஸுக்குப் போக விரும்பவில்லை. அதற்குப் பிறகு எங்களிடம் வர வேண்டிய தேவை இருக்கவில்லை, பதிவு அங்கே முடிகிறது.

மாறியவையும் மாறாதவையும்

மொழிபெயர்ப்பாளர் கட்டத்தில் உறவினர் என்ற தெரிவை எடுத்துவிட்டார்கள். ஆங்கிலம் வராது என்று யார் சொன்னாலும் முதல் அழைப்பிலேயே மொழிபெயர்ப்பாளரைச் சேர்க்கிறார்கள். ஆம், இல்லை என்று மட்டும் பதில் சொன்னால் போதும்படி கேள்விகளை மாற்றியதால், பக்கத்தில் யாராவது நின்றாலும் ஓரளவு சொல்லிவிட முடிகிறது. மொழிபெயர்ப்பு நிறுவனத்திடம் லண்டனுக்கு வெளியே இருப்பவர் வேண்டும் என்று கேட்க இப்போது வழி உண்டு. உங்கள் ஃபோனை வேறு யாராவது திறப்பார்களா என்ற கேள்வியை எல்லோரிடமும் கேட்கிறோம். நம் ஆட்கள் என்று இல்லை, வெள்ளைக்காரப் பெண்களும் "ஆமாம்" என்று சொல்வது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. பிறமொழி தெரிந்த ஊழியர்கள் எதுவரை பேசலாம் என்பதையும் எழுதிவைத்தாயிற்று: வரவேற்கலாம், ஆறுதல் சொல்லலாம், வழி காட்டலாம். சிகிச்சை விளக்கமும் சம்மதமும் கூடாது.

மாறாதது, சிகிச்சைக்குப் பிறகு கொடுக்கும் துண்டுப்பிரசுரம். அது இன்னும் தமிழில் இல்லை. பாதுகாப்பு விஷயங்களைப் பேசும் குழுக் கூட்டம் இன்னும் முழுநேர ஊழியர்கள் எல்லோரும் இருக்கும் ஒரு காலை வேளையில்தான் நடக்கிறது. பகுதிநேரக்காரர்கள் வந்தால் அந்த நேரத்துக்குச் சம்பளம் இல்லை. கேட்டிருக்கிறோம். அதுவரைக்கும் பிரஷர் பார்க்கும் அறையில் கேட்டதை எழுதிவைப்பதும், அடுத்த நாள் வருபவர் அதைப் படிப்பதும்தான் எங்களுக்குள் இருக்கும் ஒரே தொடர்பு.